தமிழ் நாவும் அரபு ஒலியும்

தமிழில் 'தீன்' என்று எழுதப்படும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்க. அரபு மொழியில், தமிழெழுத்தில் இவ்வாறு எழுதத்தக்க சொற்கள் மூன்று உள. ஒன்று மார்க்கம் என்றும் தீர்ப்பு என்றும் பொருள்படும். இன்னொன்று அத்திப்பழம். மற்றொன்று களிமண். அரபியர் செவிக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சொற்கள். மூன்றிலும் முதலெழுத்து வேறு. தமிழ் நெடுங்கணக்கிலோ மூன்றுக்கும் தகரம் ஒன்றே உண்டு.

இதை வெறும் எழுத்து விளையாட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. குர்ஆனின் முதல் அத்தியாயமாகிய பாத்திஹாவில் இச்சொல் வருகிறது. இறைவனைத் தீர்ப்பு நாளின் அதிபதி என்று போற்றுமிடத்தில், முன்னுள்ள சொல்லோடு புணர்ந்து 'யவ்மித்தீன்' என நிற்கிறது. தமிழில் இரட்டித்த தகரம் எப்போதும் வல்லொலியாகவே ஒலிக்கும் என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவரும் அறிவர்: பத்து, முத்து, சித்தம். ஆகவே, தமிழெழுத்தில் அச்சிட்ட பாத்திஹாவைத் தமிழ் முறைப்படி ஒரு பிழையுமின்றிப் படிக்கும் ஒருவர், தீர்ப்பு நாள் என்பதற்கு மாறாக அத்திப்பழ நாள் என்று படித்துவிடுகிறார். அவர் நாவில் குற்றமில்லை. அவர் கையிலுள்ள எழுத்துக்கு அந்த ஒலியைத் தாங்கும் ஆற்றல் இல்லை.

முஸ்லிம்கள் நாள்தோறும் கடமையாகத் தொழும் ஐந்து வேளைத் தொழுகையில் மொத்தம் 17 ரக்அத்துகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பாத்திஹா ஓதப்பெறும். ஆதலின், ஓரெழுத்தைத் தவறாகப் பழகிய நா அத்தவற்றை ஒரு நாளில் பதினேழு முறை செய்கிறது. அறுபது வயதுக்குள் அது எத்தனை முறை என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கோலாலம்பூரிலும் மாலை வேளைகளில் ஓதக் கற்கும் சிறுவர்களைவிட, ஓய்வு பெற்றபின் மீண்டும் அலிஃபிலிருந்து தொடங்கும் முதியவர்களை இக்கணக்கு மிகுதியாக வாட்டுகிறது. 'இத்தனை நாள் ஓதியது கூடிற்றா?' என்பதே அவர்கள் ஆலிமிடம் கேட்கும் முதற்கேள்வி. திக்கித் திணறி ஓதுபவருக்கு இரட்டிப்பு நன்மை உண்டு என்னும் நபிமொழியை ஆலிம்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்வது வழக்கம். எனினும், திணறுவதற்கும் கல்லாமலே விட்டுவிடுவதற்கும் வேற்றுமை உண்டு என்பதையும் உடன் சொல்வர்.

ஒரு ககரத்துள் நான்கு

அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்துகள். அவற்றுள் நான்கு, தமிழில் எழுதும்போது ககரத்துள் அடங்கிவிடுகின்றன. தமிழ்க் ககரத்தை ஒத்தது ஒன்று. நாவின் அடிப்பகுதி உள்நாக்கை ஒட்டிப் பிறப்பது மற்றொன்று. தொண்டையைச் செருமுவது போன்ற உரசொலி மூன்றாவது. வாய் கொப்பளிக்கும்போது எழும் கரகரப்பை ஒத்தது நான்காவது. முதல் இரண்டுக்கும் பெயரே தமிழில் 'காஃப்' என்றாகிவிடுவதால், எந்தக் காஃப் என்று சொல்லிக் கொடுப்பதற்கே ஆசிரியர் தொண்டையைத் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

தமிழ் முஸ்லிம்கள் பேச்சில் நாள்தோறும் வழங்கும் 'கல்பு' என்னும் சொல் உள்ளத்தைக் குறிப்பது. அரபியில் அது அடிநாக் காஃபில் தொடங்கும். தமிழ்க் ககரத்தால் அதனை ஒலித்தால் அரபியர் செவியில் அது நாய் என்று படும். 'என் கல்பில் இருக்கிறது' என்று உருக்கமாகச் சொல்பவரைக் கேட்டு அரபு நாட்டவர் புன்னகைப்பதற்குக் காரணம் இதுவே. இதே முறையில், 'கூறுக' என்னும் பொருளுடைய 'குல்', முன்னாக் காஃபால் தொடங்கினால் 'உண்க' என்றாகும். குர்ஆனில் ஐந்து அத்தியாயங்கள் இந்தக் 'குல்' என்னும் ஏவலோடு தொடங்குகின்றன. சிறுவர் முதலில் மனனம் செய்யும் சிற்றத்தியாயங்களில் நான்கு அவற்றைச் சேர்ந்தவை. எனவே சிறு பிள்ளை ஓதத் தொடங்கும் முதல் மாதத்திலேயே இந்தச் சிக்கல் முன்வந்து நிற்கிறது.

ஹகரம் இரண்டு. ஒன்றால் 'ஹாமிதா' எனின் புகழ்பவள். மற்றதால் எனின் உயிரற்று வறண்டது. அகரம் போல் தோன்றுவனவும் இரண்டு. ஒன்றால் 'அலீம்' எனின் நன்கறிந்தவன். மற்றதால் எனின் நோவு தருவது. முன்னது இறைவனின் திருப்பெயர். பின்னது தண்டனையைக் குறிக்கும் அடைமொழி.

இடையில் வரும் வல்லெழுத்து மெலிந்து ஒலிப்பதும் தமிழின் இயல்பு. 'கிதாப்' என்னும் நூற்பெயரின் நடுவிலுள்ள எழுத்து அரபியில் வல்லொலி. தமிழர் வாயில் அது 'பாதை', 'காதல்' என்பவற்றின் தகரம்போல் மெலிகிறது. மெலியாதிருக்கட்டும் என்று 'கித்தாப்' என இரட்டித்தால் வேறொரு கேடு விளையும். அரபியில் இரட்டிப்பு ஓசை நயத்துக்காக வருவதன்று, பொருளை மாற்றுவது. 'தரச' என்றால் அவன் படித்தான். ரகரம் இரட்டித்துத் 'தர்ரச' என்றால் அவன் படிப்பித்தான். மாணவனுக்கும் ஆசிரியனுக்கும் இடையே ஒரு ரகர ஒற்றுத்தான் வேற்றுமை! தமிழிலோ ரகரம் இரட்டிப்பதே இல்லை. ஆதலால் தமிழ்ப் பிள்ளையின் நா அந்த இடத்தில் வழுக்கிச் செல்கிறது.

சொல்லிறுதியில் தோன்றும் உகரம் இன்னொன்று. கல்பு, கிதாபு, மவுத்து, ஷுக்ரு என ஒற்றில் முடியும் பிறமொழிச் சொல்லோடு உகரம் சேர்ப்பது தமிழன் கேளாமலே செய்யும் உதவி. அரபியில் இறுதி உகரம் எழுவாயின் உருபு. 112ஆம் அத்தியாயத்தின் நான்கு வசனங்களும் தால் என்னும் எழுத்தில் நிற்கின்றன. அங்கே நிறுத்தும்போது அவ்வெழுத்தைச் சற்றே அதிரவிட வேண்டும் என்பது தஜ்வீது விதி. இவ்வாறு அதிரும் எழுத்துகள் ஐந்து. அந்த அதிர்வைக் கேட்ட தமிழ்ச் சிறுவன் அதனைத் தனக்குப் பழகிய குற்றியலுகரமாகக் கொண்டு 'அஹது' என்று முடிக்கிறான். குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை உண்டு. இந்த அதிர்வோ உயிரே அன்று. அடைத்த ஒற்றைத் திறக்கும் ஓசை மட்டுமே.

தொல்காப்பியரும் கலீலும்

இத்தனையும் கேட்டு, தமிழறிவு அரபு ஓதுதலுக்கு இடையூறு என்று எண்ணிவிடலாகாது. எழுத்துகள் வாயில் எங்கே, எவ்வாறு பிறக்கின்றன என்று வகுத்துரைக்கும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதற்கென்றே அமைந்தது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டு இடங்களை அது கூறுகிறது. ககர ஙகரத்தை முதல் நாவிலும், சகர ஞகரத்தை இடை நாவிலும், டகர ணகரத்தை நுனி நாவிலும் வைத்து, உள்ளிருந்து வெளியே இதழ் வரை வந்து முடிக்கிறது.

அரபு மொழிக்கு இதே பணியைச் செய்தவர், எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது. அவர் தம் அகராதியைப் பழைய அலிஃப், பா, தா வரிசையில் அமைக்கவில்லை. மிடற்றிலிருந்து இதழ் நோக்கி எழுத்துகளை அடுக்கினார். மிடற்றெழுத்தாகிய ஐன் முதலில் நின்றதால் அந்நூலுக்கே 'ஐன் நூல்' என்று பெயராயிற்று. அவர் மாணவர் ஸீபவைஹி, பிறப்பால் பாரசீகர். பிற மொழியாளராகிய அவர் எழுதிய இலக்கணமே அரபு இலக்கணங்களுள் தலையாயதாக விளங்குகிறது. அயல் நாவோடு போராடும் கிள்ளான் சிறுவனுக்கு இச்செய்தியைச் சொல்லி வைப்பது நன்று. ஸீபவைஹி எழுத்துகளின் பிறப்பிடங்கள் 16 என்றார். கலீலின் கொள்கையைத் தழுவி 17 என்றவர் டமாஸ்கஸில் பிறந்த இப்னுல் ஜஸரி (1350-1429). தஜ்வீது பயிலும் மாணவர் இன்றும் மனனம் செய்வது இவருடைய செய்யுள் நூலையே.

இரண்டு இலக்கணங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கற்பிக்க வேண்டிய இடம் புலப்படும். தொல்காப்பியர் வகரத்தைப் பல்லும் இதழும் இயையப் பிறப்பதாகக் கூறினார். அரபு இலக்கணம் அதே இடத்தில் ஃபா என்னும் எழுத்தை வைக்கிறது. அரபு வாவ் எழுத்தோ பல்லைத் தொடுவதில்லை. இரண்டு இதழும் குவிந்து பிறப்பது. ஆகவே தமிழ்ச் சிறுவனிடம் 'வகரத்துக்கு வைக்கும் இடத்தில் வைத்துக் காற்றை மட்டும் ஊது' என்றால் ஃபா கிடைத்துவிடும்; வாவுக்குத்தான் அவன் புதிதாக இதழைக் குவிக்கக் கற்க வேண்டும். பெரும்பாலும் ஆசிரியர்கள் ஃபாவுக்கே அதிக நேரம் செலவிட்டு வாவை அப்படியே விட்டுவிடுகின்றனர்.

மிடற்றைப் பற்றிய வேறுபாடு இன்னும் நுட்பமானது. தமிழ் இலக்கணத்தில் மிடறு உயிரெழுத்துகளின் இல்லம். பன்னிரண்டு உயிரும் அங்கே பிறக்கும். அரபியில் மிடற்றில் பிறக்கும் மெய்கள் ஆறு. ஆதலால்தான் ஐன் என்னும் மெய்யைக் கேட்ட தமிழ்ச் செவி, மிடற்றொலி என்றதும் அது உயிர்தான் என்று முடிவு செய்து அகரமாக்கிவிடுகிறது. இதனை உணராமல் 'அழுத்திச் சொல், அழுத்திச் சொல்' என்று அதட்டினால், பிள்ளை தொண்டையில் மீன்முள் சிக்கியவன்போல் முகத்தைச் சுளிக்கிறானேயன்றி ஐன் வருவதில்லை. இது உயிரன்று, மெய். உயிர் இதற்குப் பின்னால் தனியே வரும் என்று முதலில் அறிவிக்க வேண்டும். மிடற்றின் நடுவைச் சற்றே நெருக்கிக் குரலோடு விட்டால் ஐன். அதே இடத்தில் குரலின்றி மூச்சை மட்டும் விட்டால் அழுத்தமான ஹா. கண்ணாடியைத் துடைக்க வாயால் ஊதும் ஓசை மற்றைய மெல்லிய ஹே. இரண்டு விரலைக் குரல்வளைமேல் வைத்துப் பார்த்தால் ஐனுக்கு அதிர்வு தோன்றும், ஹாவுக்குத் தோன்றாது.

மாத்திரைக் கணக்கில் தமிழருக்கு இடர்ப்பாடே இல்லை. குறில் ஒன்று, நெடில் இரண்டு என்பது அரபு ஓதுதலுக்கும் பொருந்தும். அளபெடையால் மூன்று மாத்திரை நீட்டத் தெரிந்தவருக்கு, அங்கே நான்கும் ஐந்தும் ஆறும் உண்டு என்பது வியப்பாக இராது. இமைப்பொழுதையும் கைந்நொடியையும் தமிழர் அளவாகக் கொண்டதுபோல், ஓதிக் கொடுப்பவர்கள் விரலை மடக்கியும் நிமிர்த்தியும் அளக்கின்றனர்.

ஏடும் வாயும்

பழைய தலைமுறை இந்தச் சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டிருந்தது. காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய ஊர்களின் அறிஞர்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதினர். இதனை அரபுத்தமிழ் என்பர். அர்வி என்றும் சொல்வர். தமிழுக்குரிய ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் புள்ளி கூட்டிப் புது வடிவம் சமைத்தனர். மலாய்க்காரர் ஜாவி எழுத்தில் செய்ததும் இதுவே. இம்முறையில் தமிழ் வாக்கியத்தின் நடுவே வரும் அரபுச் சொல் தன் சொந்த எழுத்தோடே நின்றது; கல்பு நாயாகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அச்சுத் தமிழ் எங்கும் பரவி அரபுத்தமிழ் அருகியபோது, அந்தக் காவலும் உடன் போயிற்று. நூலை எல்லாரும் படிக்க முடிந்தது. ஆனால் ஒலி தேய்ந்தது.

எவ்வெழுத்தாயினும் ஏடு மட்டும் போதாது என்பதே ஓதுவோர் மரபு. வேதத்துக்கும் தேவாரத்துக்கும் குர்ஆனுக்கும் தமிழில் 'ஓதுதல்' என்னும் ஒரே சொல் வழங்குவது இங்கு நினைக்கத்தக்கது. ஆசிரியரின் வாயைப் பார்த்து, அவர் முன்னிலையில் ஓதித் திருத்தம் பெறுவதை அரபியில் தலக்கீ என்பர். மலேசியப் பள்ளிவாசல்களிலும் அப்பெயரே வழக்கு. தமிழ் ஓதும் பள்ளிகளில் முன்பு எழுத்துக்கூட்டும் முறை இருந்தது. ஜபர், ஜேர், பேஷ் என்னும் பாரசீகப் பெயர்களால் உயிர்க்குறிகளைச் சொல்லி, எழுத்தின் பெயரையும் குறியின் பெயரையும் கூட்டிப் பின்னரே ஒலிக்கு வருவர். யோக்யகர்த்தாவைச் சேர்ந்த அஸ்அத் ஹுமாம் அமைத்த இக்ரா முறை இதனை மாற்றியது. ஆறு பகுதிகளைக் கொண்ட அம்முறையில் பெயர்களைச் சுற்றாமல் நேரே ஒலியையே படிப்பர். மலேசியப் பள்ளிகளில் 2005இல் தொடங்கிய ஜே-காஃப் திட்டத்தின் வழி முஸ்லிம் மாணவர் குர்ஆன் ஓதும் பயிற்சியைப் பள்ளி நேரத்திலேயே பெறுகின்றனர்.

இதனால் நன்மை பெரிது. ஆனால் தமிழ்ச் சிறுவனுக்குத் தமிழ்ப் பிழைகளோடு மலாய்ப் பழக்கம் ஒன்றும் வந்து சேர்கிறது. நாவின் பின்பகுதியை உயர்த்தித் தடிப்பாக ஒலிக்க வேண்டிய எழுத்துகள் அரபியில் ஏழு. அவற்றை அடுத்த அகரத்தை 'ஸோ', 'தோ' என்று இதழ் குவித்து ஓகாரமாக்குவது இவ்வட்டார வழக்கம். தடிப்பு நாவின் அடியில் பிறக்க வேண்டும், இதழில் அன்று என்று தேர்ந்த ஆசிரியர்கள் திருத்துகின்றனர். தமிழர் தாமாகச் செய்யும் பிழை இதற்கு மாறானது: தடித்த தகரத்தைக் கேட்டதும் நாவை வளைத்து டகரமாக்குவர். அரபியில் நாவை வளைத்துச் சொல்லும் எழுத்து ஒன்றேனும் இல்லை.

நல்ல ஓதுதலைக் கேட்கும் வாய்ப்பில் கோலாலம்பூர்வாசிகளுக்குக் குறைவில்லை. துங்கு அப்துல் ரகுமானின் முயற்சியால் 1961இல் மெர்தேக்கா அரங்கில் அனைத்துலகக் குர்ஆன் ஓதும் போட்டி தொடங்கிற்று. குரலும் இசையும் மட்டுமன்றித் தஜ்வீதும் சொல் தெளிவும் தனித்தனியே மதிப்பிடப்படுவது அதன் சிறப்பு. 1966இல் தேசியப் பள்ளிவாசலில் மனனக் கல்லூரி ஒன்று தோன்றிப் பின் குவாலா குபு பாருவுக்கு மாறியது. இன்றைய தாருல் குர்ஆன் அதுவே. எகிப்தியராகிய மஹ்மூது கலீல் அல்-ஹுஸரி (1917-1980) குர்ஆன் முழுவதையும் ஓதிப் பதிவு செய்த இசைத்தட்டுகளும் 1961இல் வெளிவந்தன. அதுமுதல் வானொலி, ஒலிநாடா, இன்று கைப்பேசி வரை, கெய்ரோவின் ஒலி வீட்டுக்குள் வந்துவிட்டது.

ழகரமும் ழாத்தும்

அந்தக் கெய்ரோ ஒலிதான் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் ஒரு சிறு பிணக்கை உண்டாக்கியிருக்கிறது. அதன் பொருள் ஓரெழுத்து.

அரபியர் தம் மொழியை 'ழாத்தின் மொழி' என்று பெருமையோடு கூறிக்கொள்வர். வேறெவர்க்கும் இல்லாத எழுத்து அது என்பது அவர்கள் எண்ணம். தமிழர் ழகரத்தைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. இரண்டு பெருமைகளும் ஒரு புள்ளியில் சந்தித்தன. தமிழ் ஆலிம்கள் அந்த அரபு எழுத்துக்கு நிகராகத் தமிழில் ழகரத்தையே தேர்ந்தனர். ரமழான், காழி, நபித்தோழர் பெயரை அடுத்து எழுதும் 'ரழி' என்பன அதன் சான்றுகள்.

பொருத்தமில்லாத தேர்வு போலத் தோன்றும். எகிப்திய ஓதுவாரிடம் கேட்டால் அது தடித்த தகரமாக, 'பந்து' என்பதன் இறுதித் தகரத்தைக் கனப்படுத்தியது போல ஒலிக்கிறது. ஆனால் இலக்கண நூலார் கூறும் பிறப்பிடம் வேறு. நாவின் பக்க விளிம்பு மேல் கடைவாய்ப் பற்களை ஒட்ட, இடப்பக்கத்திலோ வலப்பக்கத்திலோ பிறக்கும் என்கிறார் இப்னுல் ஜஸரி. பக்கவழியாகக் காற்று வெளிவருமாயின் அதில் லகரச் சாயல் இருந்திருக்க வேண்டும். பிற நாட்டார் வாயில் அச்சாயல் இன்றும் உறைந்து கிடக்கிறது. கடமை எனப் பொருள்படும் 'ஃபர்ழ்' மலாயில் 'பெர்லு' ஆயிற்று. இசைவு எனப் பொருள்படும் 'ரிழா' 'ரெலா' ஆயிற்று. தொலைவில் ஸ்பெயின் நாட்டார், நடுவரைக் குறிக்கும் 'அல்காழி' என்பதை 'அல்கால்தே' என்று நகரத் தலைவருக்குப் பெயராக்கினர். மலாய்க்காரருக்கும் ஸ்பானியருக்கும் லகரமாகக் கேட்டது தமிழருக்கு ழகரமாகக் கேட்டதில் வியப்பில்லை.

பின்னர் ழகரத்துக்கே இடுக்கண் வந்தது. மலாயாவுக்கு வந்த தமிழ் முஸ்லிம்களுள் பலர் இராமநாதபுரம், திருநெல்வேலி வட்டாரத்தார். அவ்வட்டாரப் பேச்சில் ழகரம் ளகரமாகும். ரமழான் ரமளானாகி, நாளிதழ்களில் ரமலான் என்றே நிலைத்துவிட்டது. தோட்டப்புறத்துப் பள்ளிகளில் 'வாளப்பளம்' திருத்துவதே ஒரு தலைமுறை ஆசிரியரின் வேலையாயிருந்தது என்பதை அறிந்தவர்க்கு, அதே நா பள்ளிவாசலில் ழாத்தை எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

பாத்திஹாவின் இறுதிச் சொல்லில் இவ்வெழுத்து வருகிறது; 'ழால்லீன்', வழிதவறியோர் என்பது பொருள். அதன் ஆகாரம் ஆறு மாத்திரை நீளும். தொழுகை வரிசையில் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்கும் இடமும் அதுவே. வெறுந்தகரத்தால் அதனை மெலித்து 'தால்லீன்' என்றால் வழிகாட்டுவோர் என்று பொருள் தலைகீழாகிவிடும். நாநுனியைப் பல் நுனியில் வைத்துச் சொல்லும் மற்றொரு தடித்த எழுத்தால் ஒலித்தால் ஒரு நிலையில் நீடிப்போர் என்றாகும். இதனை எவ்வாறு ஒலிப்பது என்று இந்திய ஆலிம்களிடையே நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. அது அவர்களோடு தோன்றியதும் அன்று. 'வலுவற்ற ழாத்து' ஒன்று மக்கள் வாயில் வழங்குவதை ஸீபவைஹியே தம் காலத்தில் குறித்திருக்கிறார்.

இன்று கிள்ளானில் பேரன் பள்ளியில் கற்ற தடித்த தகரத்தால் ஓதுகிறான். பாட்டனார் தம் ஊர் லெப்பையிடம் கற்ற ழகரத்தால் ஓதுகிறார். 'தாத்தா, அது தமிழ் எழுத்து' என்கிறான் பேரன். நூலை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு ஒருபக்கமாக இல்லை. நாவின் பின்பகுதி உயர வேண்டிய தடிப்பு பேரனிடம் இருக்கிறது, பாட்டனாரிடம் இல்லை. அவர் நாநுனியை வளைக்கிறார். ழாத்துக்கு நுனி வளையக்கூடாது. ஆனால் இவ்வெழுத்து அடைத்துத் திறக்கும் வெடிப்பொலி அன்று, காற்று தொடர்ந்து ஓடும் நீளொலி என்பதும் இலக்கணத்தின் விதி. பேரன் அதை வெடிக்கிறான். பாட்டனாரின் ழகரம் ஓடுகிறது. இருவரும் ஒருவரையொருவர் எதிரில் அமர்த்தி, நாவின் விளிம்பைக் கடைவாய்ப் பல்லில் ஒட்டவைத்து, நுனியைத் தளரவிட்டு, அடியை உயர்த்தி, குரலை நிறுத்தாமல் விட்டுப் பழகிப் பார்க்கலாம். முதல் வாரத்தில் அது லகரமாக வழுக்கும். பாட்டனாருக்குப் பல் இல்லாத பக்கத்தை விட்டு மறுபக்கம் முயலவும் இப்னுல் ஜஸரி இடம் வைத்திருக்கிறார்.